பின்பக்கத்தையும் காட்டுங்கள்: சுழலும் பொருள் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில் வடசேரியில் எனக்குத் தெரிந்த நகை ஆசாரி ஒருவர், எந்த ராக்கொடியைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். முகப்பில் இருக்கும் சிவப்புக் கல்லெல்லாம் அப்புறம். சடையில் கோக்கும் வளையம் எப்படிப் பற்றவைத்திருக்கிறது, விளிம்பு கையைக் கிழிக்குமா, தகடு எவ்வளவு கனம் என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும். அவருடைய நகைகளை நான் முதலில் படமெடுத்துக் கொடுத்தபோது, முகப்பைப் பளபளவென்று நான்கு கோணத்தில் எடுத்திருந்தேன். பார்த்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார்: "மக்கா, பொறத்தால காட்டாம வித்தா, பொறவு திருப்பி அனுப்புவாண்டே." சொன்னது போலவே நடந்தது. வெளிநாட்டில் பரதம் சொல்லித்தரும் ஒருவர், வளையம் தன் மாணவியின் சடைக்குப் பொருந்தவில்லை என்று அனுப்பிய பெட்டியை அப்படியே திருப்பிவிட்டார். போக வர கூரியர் செலவு எங்கள் தலையில்.

அதற்குப் பிறகுதான் 360 டிகிரி படம், அதாவது பொருளை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க உதவும் படவரிசை, எடுக்கக் கற்றுக்கொண்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கைத்தொழில் பொருளை இணையத்தில் விற்பவர்கள், அவர்களுக்குப் படமெடுத்துத் தருபவர்கள் இருவருக்கும் இது உதவும். பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. ஒரு அறை, ஒரு போன் அல்லது கேமரா, சுழலும் ஒரு தட்டு போதும். பொறுமைதான் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

இந்த யோசனை எவ்வளவு பழையது

ஒரு பொருளைச் சுற்றிப் பல படங்கள் எடுப்பது கம்ப்யூட்டர் வந்தபின் பிறந்த வித்தை இல்லை. 1860 வாக்கில் பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி, ஒரு வட்ட அறையின் நடுவில் ஆளை நிறுத்தி, சுற்றிலும் 24 கேமராக்கள் வைத்து ஒரே சமயத்தில் படமெடுத்தார். அந்தப் படங்களின் வெளிக்கோட்டை ஒவ்வொன்றாகக் களிமண்ணில் இறக்கிச் சிலை செய்வது அவர் தொழில். 24 படம், ஒவ்வொன்றுக்கும் இடையில் 15 டிகிரி. இன்று நாம் சுழலும் படத்துக்கு வைக்கும் கணக்கும் பல நேரம் அதேதான். அவர் ஆளை நிறுத்திக் கேமராவைச் சுற்றி வைத்தார். நாம் கேமராவை நிறுத்திப் பொருளைச் சுற்றுகிறோம்.

இழுத்துத் திருப்பிப் பார்க்கும் வடிவம் 1995-ல் ஆப்பிள் வெளியிட்ட குவிக்டைம் வி.ஆர். என்ற மென்பொருள் மூலம் பரவலானது. மவுஸை இழுத்தால் அடுத்தடுத்த படம் வரும், பொருள் திரும்புவதுபோல் தோன்றும். உள்ளே நடப்பது அவ்வளவுதான். முப்பரிமாணம் எதுவும் இல்லை, வரிசையாக அடுக்கிய படங்கள். 2000-களில் கடைத் தளங்கள் இதையே, இணையப் பக்கத்தில் அசையும் படம் காட்ட உதவிய ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தன. 2007-ல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபியும் அதைக் கைவிட்டது. ஃபிளாஷில் செய்துவைத்த சுழலும் படங்கள் சாம்பல் நிறப் பெட்டியாயின. மூலப் படங்களைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், காட்டும் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் எடுத்த படங்களின் அசல் கோப்புகள்தான் உங்கள் சொத்து. அவற்றை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

இப்போது உண்மையான முப்பரிமாண மாதிரிகளும் வந்துவிட்டன. 2021-ல் ஆப்பிள், சுற்றி எடுத்த படங்களிலிருந்து மாதிரி செய்து தரும் வசதியைக் கொடுத்தது. 2023-ல் காஸியன் ஸ்பிளாட்டிங் என்ற முறை வந்து இன்னும் நுணுக்கமாகக் காட்டுகிறது. மரப்பொம்மை, செருப்பு, மண்பானைக்கு இவை அருமை. ஆனால் படங்களை ஒப்பிட்டு மாதிரி செய்யும் முறைகளுக்குப் பளபளப்பு பெரிய எதிரி. ஒவ்வொரு கோணத்திலும் மின்னும் புள்ளி இடம் மாறுவதால் கணக்கு குழம்பி, நகை உருகிய மெழுகுபோல் வெளியே வரும். ஆகவே நம்மூர்க் கோயில் நகைக்கும் பித்தளை விளக்குக்கும் பழைய முறையான படவரிசையே இன்றைக்கும் நல்லது என்பது என் முடிவு.

எதைச் சுழற்ற வேண்டும், எதை வேண்டாம்

எல்லாவற்றையும் சுழற்றாதீர்கள். பின்பக்கத்தில் வாங்குபவருக்கு ஒரு கேள்வி இருந்தால் மட்டும் சுழற்றுங்கள். ராக்கொடி, ஜிமிக்கி, வங்கி, சங்கு, குத்துவிளக்கு, சிரட்டையில் செய்த கரண்டி, பனையோலைப் பெட்டி இவற்றுக்குக் கேள்வி இருக்கிறது. காசுமாலையைப் படுக்கவைத்துச் சுற்றினால் பார்ப்பவருக்குத் தலைதான் சுற்றும். அதற்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கொக்கி ஒன்று என மூன்று நல்ல படங்கள் போதும். வேட்டி, புடவைக்குச் சுழற்சி வேண்டவே வேண்டாம்.

சங்கும் சிப்பியும் விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில சங்கு, சிப்பி இனங்களும் இருக்கின்றன. கடற்கரையில் கிடைக்கிறது என்பதால் விற்கலாம் என்று பொருள் இல்லை. உங்கள் இனம் பட்டியலில் உண்டா என்று வனத்துறையில் கேட்டுக்கொண்டு பிறகு கேமராவைத் தூக்குங்கள்.

தட்டு செய்வது

கடையில் மோட்டார் வைத்த சுழல்மேசை கிடைக்கும். ஆனால் நான் முதலில் செய்தது கேக்குக்கு ஐசிங் வைக்கும் சுழல் தட்டின்மேல் ஒரு பிளைவுட் வட்டம். அதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. வட்டத்தின் விட்டத்தை 22.9 செ.மீ. என்று மர ஆசாரியிடம் சொல்லி வெட்டுங்கள். சுற்றளவு 72 செ.மீ. வரும். தையல் டேப்பை 72 செ.மீ.யில் நறுக்கி விளிம்பைச் சுற்றி ஒட்டினால் அதுவே உங்கள் அளவுகோல். 24 படத்துக்கு 3 செ.மீ.க்கு ஒன்று, 36 படத்துக்கு 2 செ.மீ.க்கு ஒன்று, 72 படத்துக்கு 1 செ.மீ.க்கு ஒன்று. பாகைமானியைத் தேட வேண்டாம். டேப் கொஞ்சம் மிஞ்சினால் விளிம்பில் ஒன்றிரண்டு சுற்று செலோ டேப் சுற்றிக் கனப்படுத்துங்கள், சரியாக மூடும். மேசையில் அசையாத ஒரு குண்டூசியைத் தட்டின் ஓரத்தில் குத்தி, அதற்கு நேராக எண் வரும்படி தட்டை நகர்த்த வேண்டியதுதான்.

எத்தனை படம்? நகைக்கு 36 வைக்கிறேன். விளக்குபோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பொருளுக்கு 24 தாராளம். 72 என்பது வீடியோவாகவும் மாற்ற நினைத்தால் மட்டும்.

மோட்டார் வேண்டும் என்றால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். நின்று நின்று சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார்களில் பரவலானது ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) எடுத்து வைக்கும், அதாவது அடிக்கு 1.8 டிகிரி. 200-ஐ 36-ஆல் வகுத்தால் மீதி வரும்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறு பிழை சேர்ந்து கடைசிப் படத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவே ஒரு துள்ளல் தெரியும். மோட்டார் வைத்தால் 36-ஐ மறந்துவிட்டு 40 படம் எடுங்கள்: படத்துக்குச் சரியாக 5 அடி, 9 டிகிரி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதுவரை மோட்டார் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நடுவைப் பிடிப்பது

சுழலும் படம் அசிங்கமாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பொருள் தன் அச்சில் சுற்றாமல் குடைராட்டினம் மாதிரி இடமும் வலமும் ஆடும். தட்டின் சரியான மையத்தில் ஒரு ஊசியை நட்டு, கேமராத் திரையில் கட்டம் காட்டும் வசதியைப் போட்டு, நடுக்கோடு ஊசிமேல் விழும்படி டிரைபாடைச் சரிசெய்யுங்கள். தட்டைச் சுற்றுங்கள். ஊசி நுனி அசையாமல் நின்றால் அது மையம். நுனி வட்டமடித்தால் ஊசி மையத்தில் இல்லை. இது சரியாகும்வரை பொருளைத் தட்டில் வைக்கவே வேண்டாம்.

பிறகு ஊசியை எடுத்துவிட்டுப் பொருளை வையுங்கள். ராக்கொடியை நிமிர்த்தி நிறுத்த மார்த்தாண்டத்துத் தேன்மெழுகு ஒரு உளுந்து அளவு போதும், கண்ணுக்கும் தெரியாது. எடுக்கும்போது விரலால் உருட்டி எடுங்கள். மெழுகை இளக்குகிறேன் என்று நகையைச் சூடாக்க வேண்டாம். பொருளை வைத்தபின் முதல் எண்ணில் ஒரு படம், நேர் எதிர் எண்ணில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் பொருளின் நடு ஒரே கோட்டில் வந்தால் மேலே போகலாம்.

கேமராவை மிகவும் பக்கத்தில் வைக்காதீர்கள். போனின் அகல லென்ஸில் கிட்டே போய் எடுத்தால், முன்னால் வரும் பாகம் பெருத்தும் பின்னால் போவது சிறுத்தும், சுற்றும்போது பொருள் மூச்சு விடுவதுபோல் தெரியும். ஒரு மீட்டராவது தள்ளி நின்று, போனில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸைப் போடுங்கள். பெரிய கேமராவில் 85 அல்லது 100 எம்.எம். நன்றாக இருக்கும். உயரம், பொருளுக்குச் சற்று மேலிருந்து 15 டிகிரி சரிவாகப் பார்க்கும்படி.

ஒளி: இங்கேதான் நேரம் போகும்

தங்கத் தகடு போர்த்திய நகை தன் நிறத்தைப் பாதிதான் காட்டும். மீதிப் பாதி அறையின் நிறம். நான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்த ஒரு ஒட்டியாணத்தில், ஒவ்வொரு படத்திலும் சின்னச் சின்னதாக நானே நின்றுகொண்டிருந்தேன். இப்போது கறுப்புச் சட்டைதான் சீருடை.

விளக்கை நேரடியாக நகைமேல் அடிக்கக் கூடாது. நடுவில் வெள்ளைத்துணிக் கூடாரம் வேண்டும். நல்ல பருத்தி வேட்டி ஒன்று போதும், ஆனால் சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி வேண்டாம். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது கேமராவுக்கு நீலம் பாய்ந்து தெரியும், தங்கம் வெளிறிப்போகும். நீலம் காணாத புது வேட்டியைக் கஞ்சி போக அலசி, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேலேயும் இரண்டு பக்கமும் துணிக்கு வெளியிலிருந்து விளக்கு. முழுவதும் வெள்ளையாக இருந்தால் பளபளப்பான பொருளின் விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும். அதனால் லென்ஸின் பார்வைக்கு வெளியே இரண்டு பக்கமும் கறுப்பு சார்ட் பேப்பர் பட்டைகளை நிறுத்துங்கள். விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு விழும். ஆசாரி உளியால் கீறிய கோடுகள் அப்போதுதான் எழுந்து நிற்கும்.

விளக்கை நகர்த்தாமல் பொருளை மட்டும் சுற்றுவதில் ஒரு லாபம் இருக்கிறது. கல் ஒவ்வொன்றும் ஒளியைத் தாண்டும்போது ஒரு நொடி மின்னி அணையும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது நடப்பதும் அதுதானே. ஒற்றைப் படத்தில் இது கிடைக்காது.

சிவப்புக் கல்லுக்கு இன்னொரு கவனம் வேண்டும். கேமரா தானாக வெளிச்சம் அளந்தால் சிவப்பு வழிந்து, கல் முழுதும் ஒரே செங்கட்டியாகிவிடும். உள்ளே இருக்கும் ஆழம் தெரியாது. வெளிச்சத்தை அரை ஸ்டாப் (கேமராவில் -0.5) குறைத்து எடுத்து, பிறகு திருத்தும்போது தங்கத்தின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

மலிவான எல்.இ.டி. பல்பு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்து, சுழற்றும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிவதுபோல் இருக்கும். ஷட்டரை 1/100, 1/50 அல்லது 1/25 நொடியில் வையுங்கள். பொருள் நின்றபின் எடுப்பதால் மெதுவான ஷட்டரால் நஷ்டமில்லை. ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. 36 படம் முடிவதற்குள் மேகம் நான்கு முறை மாறும்.

எடுப்பது

எல்லாவற்றையும் பூட்டுங்கள். போனில் பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெள்ளைச் சமநிலையையும் (வொயிட் பேலன்ஸ்) கைமுறையில் ஒரே எண்ணில் வைக்கும் கேமரா ஆப் ஒன்று வேண்டும். பெரிய கேமரா என்றால் எல்லாமே மேனுவல், ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப்/8-லிருந்து எஃப்/11, லென்ஸிலும் ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிடுங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தாமல், செல்ஃபி குச்சியோடு வரும் புளூடூத் பட்டனைப் பயன்படுத்துங்கள்.

தட்டை எந்தப் பக்கம் சுற்றுவது? மேலிருந்து பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில். அப்படிச் சுற்றினால் பொருளின் முன்முகம் இடமிருந்து வலமாகப் போகும். பார்ப்பவர் விரலை வலப்பக்கம் இழுக்கும்போது பொருளும் விரலோடு வரும். இன்னொரு விதமாகச் சொன்னால், சுசீந்திரம் கோயிலில் பிரகாரம் சுற்றுவதுபோல வாங்குபவர் பொருளை வலம் வருகிறார். தட்டு இப்படி இடஞ்சுழியாகச் சுற்றினால் பார்ப்பவர் வலம் வருவார். ஒருமுறை காகிதத்தில் வரைந்து பார்த்தால் புரிந்துவிடும். முக்கியம், எல்லாப் பொருளுக்கும் ஒரே திசை.

சங்கு எடுப்பவர்கள் இங்கே பெரிய தவறு செய்ய வாய்ப்பிருக்கிறது. சில போன்களின் முன்கேமரா படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். சாதாரண இடம்புரிச் சங்கு அதில் வலம்புரியாகிவிடும். வலம்புரி எவ்வளவு அரிது, என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் உங்களை மோசடிக்காரர் என்றுதான் நினைப்பார். பின்கேமராவிலேயே எடுங்கள். திருத்தும் மென்பொருளில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பும் பட்டன் பக்கம் போகவே வேண்டாம்.

என் அறை ரோட்டோரத்தில் மாடியில் இருக்கிறது. லாரி போனால் தட்டில் இருக்கும் ஜிமிக்கி ஆடும். ஆடி நிற்கும்வரை எண்ணிக்கொண்டு காத்திருப்பேன். இரவு பதினொன்றுக்கு மேல் எடுத்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு லாரியைவிடக் காற்றுதான் தொல்லை. ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், வியர்க்கட்டும்.

36 முடிந்ததும் 37-வதாக முதல் எண்ணிலேயே இன்னொரு படம் எடுங்கள். முதல் படமும் இதுவும் அச்சாக ஒன்றாக இருந்தால் நடுவில் எதுவும் நகரவில்லை. வித்தியாசம் இருந்தால் மறுபடி முதலிலிருந்து. வேறு வழியில்லை.

வேகமாக வேண்டுமென்றால் வீடியோவாகவும் எடுக்கலாம். 12 நொடிக்கு ஒரு சுற்று சுற்றும் மோட்டார் தட்டில் வைத்து, நொடிக்கு 30 பிரேம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 360 பிரேம். பத்துக்கு ஒன்றாகப் பொறுக்கினால் 36. தரம் கொஞ்சம் குறையும், பனையோலைப் பெட்டிக்குப் பரவாயில்லை, நகைக்கு நான் செய்வதில்லை.

திருத்துவதும் ஏற்றுவதும்

ஒரு படத்தைத் திருத்தி, அதே திருத்தத்தை மீதி 35-க்கும் அப்படியே ஒட்டுங்கள். தனித்தனியாகத் தொட்டால் சுழலும்போது துடிக்கும். பின்னணித் தூசியைத் துடைக்கலாம். பொருளின் மேலுள்ள கீறலை, பற்றவைத்த தழும்பை அழிக்காதீர்கள். பின்பக்கத்தைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு அதற்குப் பவுடர் பூசி அனுப்பினால், திரும்பி வரும் பெட்டி மறுபடியும் உங்கள் வாசலில்தான்.

கோப்புப் பெயரை 01, 02 என்று தொடங்குங்கள். 1, 2 என்று வைத்தால் பல மென்பொருள்கள் 1-க்குப் பிறகு 10-ஐ எடுத்துக்கொண்டு, நகை பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளும்.

அளவு, 1000 பிக்சல் சதுரம் போதும். வெப்-பி வடிவத்தில் ஒரு படத்தை 70 கே.பி.க்குள் கொண்டுவந்தால் 36 படமும் சேர்ந்து சுமார் 2.5 எம்.பி. அதையும் ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. பக்கம் திறந்ததும் முதல் படம் மட்டும் வரட்டும். விரல் வைத்தபின் நான்குக்கு ஒன்றாக ஒன்பது படம் வந்து சுழற்சி தொடங்கட்டும். மீதி பின்னாலேயே நிரம்பட்டும். உங்கள் தளத்தைச் செய்பவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் மட்டும் பொருள் சுற்ற வேண்டும், மேலும் கீழும் இழுத்தால் பக்கம் எப்போதும்போல் நகர வேண்டும். இதைக் கவனிக்காத தளங்களில் படத்தின்மேல் விரல் மாட்டிக்கொண்டு விலைப்பட்டியலுக்கே போக முடியாது.

சுழலும் படத்தை ஏற்காத விற்பனைத் தளங்களுக்கும் வாட்ஸப்புக்கும் 72 படத்தை நொடிக்கு 12 வீதம் ஓட்டி 6 நொடி வீடியோவாக்குங்கள். அதில் வாங்குபவர் விரும்பிய இடத்தில் நிறுத்த முடியும் என்றாலும், கையில் திருப்புவதுபோன்ற நிதானம் வராது. பின்பக்கம் வரும் இடத்தில் மட்டும் ஒரு நொடி நிறுத்தி வைத்தால் பாதிக் குறை தீரும்.

கேமராவைப் பற்றி ஒன்று. முட்டம், குளச்சல் மாதிரி கடலை ஒட்டி இருப்பவர்கள் லென்ஸைச் சும்மா அலமாரியில் வைத்தால் ஈரத்தில் பூஞ்சை படரும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், பொட்டலம் நமத்தால் மாற்றுங்கள்.

கடைசிச் சோதனை நான் செய்வது இப்படி. பேச்சிப்பாறை போகும் பஸ்ஸில், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பழைய போனில் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அப்புறம், அந்த நகையைப் பார்த்தே இராத ஒருவருக்கு இணைப்பை அனுப்பி ஒரே கேள்வி கேட்பேன்: பின்னால் வளையம் எத்தனை? போன மாதம் எடுத்த ராக்கொடிக்கு என் அத்தை மகள் இரண்டு என்று சரியாகச் சொன்னாள், கூடவே ஒன்று கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். ஆசாரியிடம் காட்டினேன். படத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இடுக்கியை எடுத்தார்.